பாதியில் நின்ற தோடி

ஞானதுரை சார் இப்ப என்ன சொன்னாரு? "போஸ்ட் ஆபீஸ் வேலை முடிஞ்சுது, இனிமே வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு ஊர் ஊரா சுத்தப் போறேன்"னாரு. எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா சார்... கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதையைக் காதுல போட்டுக்கோங்க. ராஜா கதை இல்ல, எங்க வீட்டுக் கதை. கதாநாயகி மூணாவது வரிசையில உக்காந்து என்னை முறைச்சுக்கிட்டு இருக்கா, பாத்துக்கோங்க!

பன்னெண்டு வருஷம் முந்தி... ஒரு சனிக்கிழமை. காலையில என் சம்சாரம் உலகம்மை பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தா. திடீர்னு எந்திரிச்சா. ரெண்டு சேலையை எடுத்துப் பையில வச்சா.

"ஏட்டி, எங்க கிளம்புதே?"

"அம்பாசமுத்திரம் பக்கத்துல கோயில் திருவிழா. சாயங்காலம் திருமலையப்பர் நாதஸ்வரம். கேட்டுட்டு, எங்க பெரியம்மா மக வீட்டுல தங்கிட்டு, நாளைக்கு வாரேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. இருபத்துநாலு வருஷத்துல அவ தனியா பஸ் ஏறினதே கிடையாதுங்க! "இரு, நானும் வாரேன்"னேன்.

அவ என்ன சொன்னா தெரியுமா? "வேண்டாம். நீங்க வந்தா உங்களுக்குக் காப்பி கிடைச்சுதா, சாய்ஞ்சுக்க இடம் கிடைச்சுதான்னுதான் பாத்துக்கிட்டு இருப்பேன். எனக்குப் பாட்டுக் காதுல விழாது."

போயிட்டா. அங்க என்ன நடந்துச்சுங்கிறது மறுநாள் வந்து அவ சொன்னதுதான்.

கோயில் வாசல்ல பந்தல். மணல்ல உக்காந்திருக்கா. திருமலையப்பர் நாதஸ்வரத்தை எடுத்தாரு... தோடி! ஆகா... தவுல்காரரே தலையை ஆட்டிக்கிட்டுச் சும்மா இருக்காராம். ராகம் மெல்ல மேல ஏறுது... ஏறுது... உச்சியைத் தொடப் போகுது...

டக்குனு ஒருத்தர் மைக்கைப் பிடிச்சாரு! விழாக் கமிட்டி. "இடையூறுக்கு மன்னிக்கவும்! அன்னதானத்துக்கு அரிசி வழங்கிய அண்ணாச்சி அவர்களுக்கு இப்போது பொன்னாடை..."

சிரிக்கிறீங்க! நம்ம ஊர்ல பாட்டை நிறுத்தாம யாருக்காவது பொன்னாடை போட்டிருக்கோமா? பெரியவரு வாசிப்பை நிறுத்திட்டாரு. பாவம், அவருக்கு இது பழகிப்போச்சு.

அப்பதான்... அடுத்த வீட்டுக்காரிகிட்ட கூட அதிர்ந்து பேசாத என் பொண்டாட்டி... அத்தனை கூட்டத்துக்கு நடுவுல எந்திரிச்சு நின்னுட்டா!

"நிறுத்தாதீங்கய்யா!"

கமிட்டிக்காரர் திகைச்சுப் போயிட்டாரு. "யாரும்மா நீங்க? எந்த ஊரு?"

"கேக்க வந்தவ நான்! ஐயா... இருபத்துநாலு வருஷத்துக்கு முந்தி என் கல்யாணத்துக்கு நீங்கதான் வாசிச்சீங்க. இதே தோடி. நான் குனிஞ்ச தலை நிமிராம மணவறையில கேட்டுக்கிட்டே இருந்தேன். இதே மாதிரி மேல போனீங்க. யாரோ விரலை ஆட்டி 'கெட்டிமேளம், கெட்டிமேளம்'னாங்க. அந்தால பாதியில விட்டுட்டீங்க. எனக்கு அழுகையா வந்துச்சு. பொண்ணு வீட்டை விட்டுப் போறோமேன்னு அழுறான்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க. கல்யாணப் பொண்ணு வாயைத் திறந்து 'நிறுத்தாதீங்க'ன்னு சொல்ல முடியுமாய்யா? இன்னிக்குச் சொல்லுதேன். மிச்சத்தை வாசிங்க."



பெரியவரு நாதஸ்வரத்தை மடியில வச்சுக்கிட்டு அவளையே பாத்தாராம். "தாயி... ரெண்டாயிரம் கல்யாணத்துக்கு வாசிச்சிருப்பேன். ரெண்டாயிரத்துலயும் பாதியில நிறுத்தியிருக்கேன். மிச்சத்தைக் கேட்டு வந்தது நீ ஒருத்திதாம்மா."

அண்ணாச்சி என்ன செஞ்சாரு? நல்ல மனுசன், பொன்னாடையைத் தானே வாங்கிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு மணல்ல உக்காந்துட்டாரு. "வாசிங்கய்யா"ன்னாரு.

முக்கால் மணி நேரம்! முக்கால் மணி நேரம் வாசிச்சாராம் மனுசன். இவ அழுதுக்கிட்டே கேட்டாளாம். ஆனா இந்த அழுகையை யாரும் தப்பா நினைக்கல.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து இதையெல்லாம் சொல்றா. எனக்கு வெக்கமாப் போச்சுங்க. ஏன்னா... அந்த மணவறையில அவளுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தது யாரு? நான்தானே! என்ன வாசிச்சாங்கன்னே எனக்குத் தெரியாது. வேட்டி நழுவாம இருக்கணுமேங்கிறதுதான் அன்னிக்கு எனக்கு இருந்த ஒரே கவலை. அவ அழுததை நானும் பாத்தேன். நானும் அப்படித்தான் நினைச்சேன், வீட்டை நினைச்சு அழுறான்னு.

"ஏட்டி, இத்தனை வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல?"ன்னு கேட்டேன்.

"நீங்க கேக்கவே இல்லையே"ன்னா.

அவ்வளவுதாங்க. சண்டை இல்ல, குத்தல் இல்ல. சாதாரணமாச் சொல்லிட்டுச் சேலையை உதறி மடிக்கப் போயிட்டா.

இங்க இருக்கிற ஆம்பளைங்க எத்தனை பேரு கேட்டிருக்கோம்? நாம சம்பாதிச்சோம், வீடு கட்டினோம், பிள்ளைகளைப் படிக்க வச்சோம். எல்லாம் சரி. கூட வந்தவளுக்கு எங்க, எது, பாதியில நின்னு போச்சுன்னு ஒரு நாள்... ஒரே ஒரு நாள் கேட்டோமா?

அதனால ஞானதுரை சார்... காசிக்கும் கொடைக்கானலுக்கும் அவசரப்பட்டு டிக்கெட் போடாதீங்க. முதல்ல இந்த மாலையைக் கழட்டி வச்சுட்டு உங்க வீட்டம்மா ரூபாவதிகிட்ட கேளுங்க. "உனக்கு எங்க போகணும்?" அவங்க "நான் தனியாப் போறேன்"னு சொன்னா முகம் வாடாதீங்க. பையைத் தூக்கிக்கிட்டுப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போங்க. ஜன்னல் சீட்டாப் பாத்து உக்கார வச்சுட்டு வாங்க.

நான் அதைச் செய்யலங்க. அன்னிக்கு அவ கையில பையோட வாசல்ல நிக்கும்போது, இந்த வாய் கேட்ட கடைசிக் கேள்வி என்ன தெரியுமா?

"மத்தியானத்துக்குக் குழம்பு வச்சுட்டியா?"