ஏழாம் எரிமலையின் முகம்

— முப்பத்தோரு வருஷமா இந்த முகத்தைப் பார்த்த மனுஷன் மெக்சிகோ மண்ணிலேயே கிடையாது, தாச்சோ. கடவுள் பார்த்திருப்பார். அவரும் யாரிடமும் சொல்லவில்லை. அப்படியிருக்க, ஆஸ்பத்திரியில ஒரு மிஷின் கேட்குதுன்னு ஏழாம் எரிமலைன்னு பேரெடுத்த நான் முகமூடியைக் கழற்றணுமா?

— உன் கழுத்தெலும்பைத்தான் படம் பிடிக்கப் போறாங்க பங்காளி, மூஞ்சியை இல்ல. முகமூடிக்குப் பின்னால கயிறு கோக்கற இரும்பு வளையம் பதினாலு இருக்கு. அதோட உள்ள போனா மிஷின் ஒத்துக்காதாம்.

— வேற மிஷின் கொண்டு வரச் சொல்லு.

— அரசாங்க ஆஸ்பத்திரி. இருக்கறதே ஒண்ணு. அதுக்கே வெளியில நாப்பது பேரு உக்காந்திருக்கான். சரி, அந்த இடது கையை ஆட்டு, பாப்போம்.

— ஆட்டிக்கொண்டுதானே இருக்கிறேன்.

— ஆடலை, பங்காளி.

— ஆடும். வெறும் மரப்பு. பச்சூக்காவில் ஞாயிற்றுக்கிழமை மல்யுத்த மேடையின் மேல் கயிற்றிலிருந்து பாய்ந்தேன் அல்லவா? தலை முதலில் இறங்கிவிட்டது. வேறொருவன் என்றால் அங்கேயே சமாதி. நான் எழுந்தேன். என் காலால் நடந்து வெளியே போனேன்.

— பார்த்தேனே. எதுக்கால நின்னவன் நான்தானே. நீ பாஞ்ச எடத்துல நான் இருந்திருக்கணும். ஒரு அடி தள்ளி நின்னுட்டேன். சத்தியமா சொல்றேன், அந்த ஒரு அடியை நினைச்சா சோறு இறங்கலை.

— மன்னித்தேன்.

— மன்னிப்பெல்லாம் அப்புறம். டாக்டர் என்ன சொன்னார்னு காதுல விழுந்துச்சா? இன்னிக்கே படம் எடுத்து, இன்னிக்கே கத்தி வெச்சாத்தான் அது கை. நாளைக்குன்னா சட்டைக்குள்ள தொங்கற வெறும் சதை.

— ஒன்பது தடவை சாம்பியன். ஒரு கை போனாலும் இன்னொரு கை போதும் எனக்கு.

— ஒன்பது தடவையும் என்னைத்தான்யா ஜெயிச்சே. எட்டு தடவை வழுக்கி விழுந்த மாதிரி விழுந்தேன். ஒரு தடவை நிஜமாவே வழுக்கிடுச்சு. ஒத்தைக் கையை வெச்சுக்கிட்டு நீ தூக்கினா, நான் எந்தப் பக்கம் பறக்கறதாம்?

— கேலி பண்ணாதே. தோற்றவன் முகத்தைக் காட்ட வேண்டும் என்கிற பந்தயத்தில் பதினோரு பேருடைய முகமூடியை இந்தக் கையால்தான் கழற்றினேன். ஒவ்வொருத்தனும் அரங்கத்து நடுவில் நின்று பேரையும் ஊரையும் சொல்லிவிட்டு அழுதான். அதற்குப் பிறகு அவர்கள் கதி என்ன? சொல்லு.

— நல்லாத்தான் இருக்கானுங்க. நம்ம ‘கந்தகப் பேய்’ புவெப்லாவுல முடிவெட்டற கடை வெச்சிருக்கான். பேரப்பிள்ளைங்க அவன் மூக்கைப் பிடிச்சு இழுக்குதுங்க.

— பார்த்தாயா? மூக்கைப் பிடித்து இழுக்கிறார்கள்! என் கல்யாணத்தன்று பாதிரியாரே இதைக் கழற்றச் சொல்லவில்லை.

— சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு அன்னிக்கே தப்பிச்சிருக்கும். பாவம் டொரொத்தேயா, இருட்டுலயும் முகமூடியோடவே மூணு வருஷம் குடும்பம் நடத்தினா. போறப்ப என்ன சொன்னா? ‘யாரை விட்டுட்டுப் போறேன்னே தெரியலை’ன்னா.

— அவளுக்குக் கலை தெரியாது. அதை விடு. கீழே கூட்டம் கூடிவிட்டதா?

— கூட்டம் இருக்கு.

— எவ்வளவு?

— தமாலே பலகாரம் விக்கற அம்மாவைச் சுத்தி ஒரு இருபது பேரு.

— டெலிவிஷன்?

— வரவேற்புல ஒண்ணு மாட்டியிருக்காங்க. ஓடலை.

— கெடுபிடியாக இருக்கும், மேலே விடமாட்டார்கள். எனக்கு அரங்கத்தை விட்டு வந்தது வரை நினைவிருக்கிறது. பிறகு இருட்டு. ரசிகர்கள் மத்தியில் சாய்ந்திருப்பேன். தோளில் சுமந்துகொண்டு இங்கே கொண்டுவந்திருப்பார்கள். அப்படித்தானே?

— ம்.

— என்ன ‘ம்’?

— அட, நர்ஸம்மா வர்றாங்க. அம்மா, கொஞ்சம் மெதுவா பேசுங்க, இவரு முழிச்சுட்டாரு.

— முழிக்கட்டும், நல்லதுதான். ஆனா இந்தத் துணியைத் தலையில மாட்டினது யாரு? மீசைக்காரரே, உங்க வேலைதானா? நேத்து சாயங்காலம் நான் டூட்டி முடிச்சுக் கிளம்பறப்ப இவர் வெறும் தலையாத்தானே படுத்திருந்தார்? கழுத்து உடைஞ்ச மனுஷன் தலையைத் தூக்கிக் கயிறெல்லாம் கட்டியிருக்கீங்களே, உங்களுக்கு மூளை இருக்கா?

— தூக்கலைம்மா. சத்தியமா சொல்றேன், எலி மாதிரி மெல்ல மெல்ல ஏத்தினேன். இது இல்லாம கண்ணு முழிச்சா நெஞ்சு நின்னுடும்னு பயந்து...

— தாச்சோ. இந்த அம்மா என்ன சொல்கிறாள்? வெறும் தலையா? அம்மா, நீ என் முகத்தைப் பார்த்தாயா?

— பார்க்காம? மூணு நாளா கழுவி விடறது யாரு, மாதாவா? நேத்து சவரம்கூட பண்ணினேன். இடது கன்னத்துல மரு இருக்கு பாருங்க, அதைச் சுத்திப் பண்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

— போச்சு. எல்லாம் போச்சு. மூன்று நாள்! இந்நேரம் பத்திரிகைக்காரன் மோப்பம் பிடித்திருப்பானே!

— மோப்பம் என்ன, நாங்களே கூப்பிட்டுக் கொடுத்தோம். பஸ் ஸ்டாண்டு வாசல்ல மயங்கிக் கிடந்தீங்க. கசங்கின சட்டை. பையில ஒரு பஸ் டிக்கெட்டு, ஒரு சீப்பு. பேரு, விலாசம் எதுவும் இல்ல. ‘அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் அறுபத்தைந்து, உறவினர்கள் வரவும்’னு திங்கள், செவ்வாய், புதன் மூணு நாளும் படத்தோட வந்துச்சு.

— அறுபத்தைந்தா? எனக்கு ஐம்பத்தெட்டு!

— படத்துல கொஞ்சம் கூடத்தான் தெரிஞ்சுது.

— தனியாகப் பஸ் ஏறும்போது மட்டும் யாரென்று தெரியாமலிருக்கக் கழற்றுவேன், அதுவே வினையாகிவிட்டது! ஆக, நாடே பார்த்துவிட்டது. யார் யார் வந்தார்கள்? ரசிகர்கள்? சங்கத்துக்காரர்கள்?

— யாரும் வரலைங்க.

— ஒருவர்கூடவா?

— ஒரு அம்மா வந்தாங்க. காணாமப்போன புருஷனைத் தேடிட்டு. உங்களைக் கிட்டப் போய்ப் பார்த்துட்டு, ‘நல்லவேளை, இது இல்லை’ன்னு சிலுவை போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. நேத்து சாயங்காலம்தான் எங்க வார்டு பெருக்கறவர் உங்க துணி மூட்டைக்கு அடியில இந்த நீலத் துணியைப் பார்த்தார். அவருக்கு மல்யுத்தம்னா உசுரு. அரங்கத்துக்குப் போன் போட்டார். இவர் ஓடி வந்தார்.

— தாச்சோ.

— சொல்லு பங்காளி.

— நீயும் அந்தப் பத்திரிகைதானே வாங்குகிறாய்?

— அதேதான்.

— பார்த்தாயா?

— பார்த்தேன். காபி குடிக்கறப்ப. மூணு நாளும். பாவம், யாரு பெத்த பிள்ளையோன்னு என் வீட்டுக்காரிகிட்டகூடக் காட்டினேன். அப்புறம் லாட்டரி முடிவு போட்ட பக்கத்தைத் திருப்பிட்டேன்.

— முப்பத்தோரு வருஷம். ஒரே பஸ், ஒரே அறை. ஒரே தட்டுல சாப்பிட்டோமேடா.

— தின்னோம். வாய்க்கு நேரா இருக்கற ஓட்டை வழியாத்தானே நீ தின்னே? அதுக்கு மேல நான் எதைப் பார்த்தேன்?

— பெரியவரே, மிஷின் அறையில இன்னும் பத்து நிமிஷம்தான் இடம் வெச்சிருப்பாங்க. அப்புறம் நாளைக்கு மறுநாள்தான். கையைக் காப்பாத்தணுமா, துணியைக் காப்பாத்தணுமா?

— ...கழட்டும்மா.

— அசையாதீங்க. மீசைக்காரரே, தலையைப் பிடிங்க. இறுக்காம, சும்மா ஏந்திப் பிடிங்க. இதென்ன முடிச்சு, கப்பலைக் கட்டறதா? ம்... வந்துடுச்சு. அவ்வளவுதான். இனி காத்து வரும்.

— தாச்சோ, நல்லா பார்த்துச் சொல்லு. எப்படி இருக்கேன்?

— பத்திரிகையில இருந்த மாதிரியேதான்.

— ம். கண்ணு கூசுது. சரி, ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடலை. முகம் யாருக்கும் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா ஆளைக் காணோம்னாவது தெரியணுமில்ல? ஞாயித்துக்கிழமையிலேர்ந்து எரிமலையைக் காணோமேன்னு அரங்கத்து முதலாளி தேடலையா? நீயாவது தேடியிருக்கலாமில்ல?

— தேடற மாதிரி ஒண்ணும் நடக்கலை, பங்காளி.

— ஏன்?

— செவ்வாய்க்கிழமை தொலூக்காவுல என்கூட மோத அதே நீல முகமூடியோட எரிமலை வந்திருந்துச்சு. வழக்கம்போல மூணாவது சுத்துல நீதான் ஜெயிச்சே.