சூளைக்காரன் விசாரிச்ச மழை

திம்மராயன் மவனா நீ. சிங்காரப்பேட்டக்கு அந்தாண்ட, ஏரிக்கர மேட்டு வீடு. அத மொதல்லயே சொல்றதுக்கென்ன. ஒக்காரு தம்பி, அந்தக் கல்லு மேல ஒக்காரு. சாரு வந்ததும் நானே உள்ள கூட்டினு போறன். கம்பெனில மத்தியானச் சங்கு ஊதற வரைக்கும் வேலைக்குப் பேரு எழுதுவாங்க. சங்கு ஊதிட்டா அப்புறம் யாரு வந்து நின்னாலும் எழுத மாட்டாங்க. நீ நேரத்தோடதான் வந்துருக்கற. பதறாத.

தருமபுரில ஐ.டி.ஐ.யா. பள்ளிக்கூடத்துல இருந்தே ஆஸ்டல்லயே இருந்துட்டயா, அதான் மொகம் தெரியல. நானும் உங்க பக்கந்தான். அந்தப் பக்கத்த உட்டு வந்து மூணு நாலு வருசம் இருக்கும். இந்த ஓசூரு இன்னமும் எனக்கு ஒத்துக்கல. ஆடி மாசம் பூரா தூத்தல், காக்கி பேண்ட்ட தொவச்சிப் போட்டா மறுநாளும் ஈரமாத்தான் மாட்டினு வரணும். மார்கழில இந்தக் கேட்டுக் கம்பியத் தொட முடியாது. ஆபீசருங்க மெச்சிக்கறாங்க, குளிரு நல்லா இருக்குதுன்னு. அவுங்க காருக்குள்ள இருந்து பாக்கற குளிரு வேற.

அத உடு. ஊருல மழ எப்படி.

நல்ல மழயா. பொதுவா சொல்லாதப்பா. மாசம் மாசமாச் சொல்லு. சித்திரைல? சவ்வாது மல மேல கறுத்துனு வருமே, காத்தும் இடியுமா, அது வந்துச்சா. வந்துச்சி. மாங்கா உதுந்துருக்குமே. அதும் உதுரலயா. ம்.

வைகாசி. ரெண்டு ஒழவு ஓட்ட வந்துச்சா. ஆனில கல்லக்கா வெதச்சீங்களா. ஆடிக் காத்துல மேகம் நிக்காதே, ஓடிப் போயிருமே. நின்னுச்சா. சரி.

வரிசையாப் போறாங்களே, அவுங்களா? அவுங்க காண்ட்ராக்ட் ஆளுங்க தம்பி. கேண்டீன் கேட்டு வழியாத்தான் போவாங்க. நீ படிச்ச புள்ள, அவுங்களோட போயி ஏன் முட்டற. ஒக்காரு.

ஆவணி, பெரட்டாசில பொழுது எறங்கினா பேயும். கொள்ளு வெதச்சிருப்பீங்க. ஐப்பசி எப்படி, மெட்ராசுப் பக்கம் பொயலுன்னா நமக்கு ரெண்டு நாளு அடமழ புடிக்குமே. ஏரி நெறஞ்சுதா.

நெறஞ்சி வழிஞ்சி கோடி போச்சா.

எந்த வருசம். எல்லா வருசமுமா. நெசமாத்தான் சொல்றயா, இல்ல பெரியவரு கேக்கறாருன்னு சொல்றயா. நான் வந்த மறுவருசமே கோடி போயிருக்குது. பங்குனில பேஞ்சிருக்காது. பேயலல்ல. பங்குனில எந்தூருல பேயுது, அத விட்டுத் தள்ளு.

சிரிக்கிறியா. சிரி. மழயப் பத்தி இந்தக் கெழவன் ஏன் வக்கீலாட்டம் கேக்கறான்னு இருக்கும் உனக்கு. எனக்குத் தேவ இருக்குது.

எம்பத்தேழுல பஞ்சம் புடிச்சிதே, நீ சின்னப் பையனா இருந்திருப்ப. அந்த வருசம் ஏரில செங்கல் சூள போட்டிருந்தவன் ஒருத்தன். ஓசூருல கம்பெனி கம்பெனியா எழும்புது, லாரி வந்து நிக்கிது, ஏரி காஞ்சி கெடக்குது, மண்ணு அங்கயே இருக்குது. மத்த வருசம் ஆடியோட நிறுத்திருவாங்க. அந்த வருசம் மழ இல்லாததால அவன் நிறுத்தாம கல்லு அறுத்தான். பொகையும் நிக்கல. ஊருல என்னா பேசிக்கிட்டாங்க தெரியுமா. சூளக்காரன் மழயக் கட்டிப்புட்டானாம். நாலு மூலைலயும் எதயோ பொதச்சி வெச்சிட்டானாம். மேகம் ஏரிக்கு நேரா வந்து திரும்பிப் போவுதாம். கல்லு காயறதுக்கு வெயிலு வேணும், நெசந்தான். எந்தச் சூளக்காரன் மழ வேணும்னு தேங்கா ஒடப்பான். அதுக்காக மேகத்தப் புடிச்சிக் கட்டறதுக்கு அது என்னா எரும மாடா.

பெரட்டாசில கொடும்பாவி கட்டினாங்க. கேள்விப்பட்டிருப்ப. வைக்கோலுல ஆளு செஞ்சி, மாட்டு வண்டியில ஏத்தாம கவுத்தக் கட்டித் தெருத் தெருவா இழுப்பாங்க. பொம்பளைங்க மாருல அடிச்சினு அழுவாங்க. ஊரு எல்லைல கொண்டு போயி கொளுத்திட்டுத் தல முழுவிட்டு வந்தா மழ வரும். அந்தப் பாவி யாருமில்ல, அதான் வழக்கம். யாரு பாவத்துக்கோ ஒரு வைக்கோலு. கோணிதான் போடுவாங்க அதுக்கு, எவன் வூட்டுதுன்னு தெரியாத கோணி.

அந்த வருசம் அதுக்குச் சட்ட போட்டிருந்தாங்க. பச்சக் கோடு போட்ட டெரிலின் சட்ட. அந்த ஊருல அந்த மாதிரி சட்ட ஒருத்தன்கிட்டதான் இருந்துச்சி.

இரு, இரு. எங்க எழுந்திரிக்கற. சாரு வந்தா ஆரன் அடிப்பாரு, எனக்குத் தெரியாதா. முழுசாக் கேளு.

சூளக்காரன் பொண்டாட்டி பார்வதி வாசல்ல நின்னு மொதல்ல சிரிச்சிட்டுதான் பாத்தா. கிட்ட வந்தப்பதான் சட்டயப் பாத்தா. பையில அவ தச்ச தையலு. இவ புருசன் உள்ள சோறு தின்னுனு இருக்கறான், வெளிய அவன எழவு சொல்லி அழுவறாங்க, தீ வைக்க இழுத்துனு போறாங்க. எவளாவது ஒருத்தி இவ மொகத்தப் பாத்தாளா. பாக்கல. அழுது முடிச்சிட்டு அவுங்கவுங்க வூட்டுக்குப் போயி குளிச்சாங்க.

சரி, வைக்கோலத்தான கொளுத்தினாங்கன்னு இருந்தான் அவனும். மறுநா மத்தியானம் மழ. சும்மா மழ இல்ல தம்பி. அறுத்து அடுக்கியிருந்த, இன்னும் சுடாத பச்சக் கல்லு பூரா கரஞ்சி, அறுக்கறதுக்கு முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே மண்ணாப் போச்சி. ஊரே தெருவுல நின்னு நனையுது. இவன் சூள மேட்டுல நிக்கிறான், ஒருத்தரும் வாய தொறக்கல. தொறக்க வேணாமே. மழயே சொல்லிருச்சே. அது மட்டும் பேயாம இருந்திருந்தா அவன் அங்கயே இருந்திருப்பான். திட்டியிருப்பான், சண்ட போட்டிருப்பான், இருந்திருப்பான். பேஞ்ச மழகிட்ட எவன் போயி சண்ட போடறது.

கெளம்பி வந்துட்டான். நான் போனப்புறமாவது காயட்டும், அப்ப தெரியும் பாவி யாருன்னு, அப்படின்னு ஒரு நெனப்பு. அந்தப் பக்கத்து ஆளு யாரு வந்தாலும் கேக்கறதுதான். போன வருசம் ஊத்தங்கரைல இருந்து வந்த ஒரு லாரிக்காரன் சுமாருன்னு சொன்னான். அந்த ஒரு வார்த்தய வெச்சினு ஒரு வருசம் ஓட்டினன். நீ வந்து கோடி போச்சிங்கற.

ஆமா. நாந்தான். கோவிந்தப்பன். உங்க வூட்டுல அந்தப் பேரச் சொல்ல மாட்டாங்க.

அந்தச் சட்ட எப்படி அதும் மேல ஏறுச்சின்னு கேக்கலயே நீ. கொடியில இருந்து களவு போவல. உங்கக்கா முனிலட்சுமிக்கு நிச்சயம் வெச்சிருந்தாங்க. நாலு பேரு முன்ன நிக்கணும் கோவிந்தண்ணா, நல்ல சட்ட இல்லன்னு ஒங்கப்பாரு வந்து எம் முன்ன நின்னாரு. பொட்டியத் தொறந்து நானே எடுத்துக் குடுத்தன். இஸ்திரி போட்டுப் போங்கன்னு வேற சொன்னன். நிச்சயம் நல்லபடியா முடிஞ்சிது. சட்ட திரும்பி வல்ல. கொடும்பாவி கட்டற அன்னிக்கு யாரோ கேட்டிருப்பாங்க, சூளக்காரன் துணி ஏதாவது கெடைக்குமான்னு. ஒங்கப்பன் உள்ள போயி எடுத்தாந்திருக்கறான்.

உனக்குத் தெரியாது, சரி. நீ என்னா பண்ணுவ. உம் மேல எனக்கு ஒண்ணுமில்ல. காலைல கேட்டுல வந்து நின்னு வணக்கம் பெரியப்பான்னு சொன்ன பாரு, யாரு மவன்னு கேக்காம உட்டிருந்தா இந்நேரம் உள்ள இருந்திருப்ப.

ஆமா, சங்குதான் அது.

சாரு காலைலயே வந்துட்டாரு தம்பி. நீ பஸ்ஸு எறங்கி வர்றதுக்கு முன்னயே. பேரு எழுதறது கேண்டீனாண்டதான், நீ பாத்தியே வரிசையாப் போனாங்களே, அவுங்க பேரு எழுதத்தான். அடுத்தாப்புல எப்ப எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. கொஞ்சம் நவுந்து நில்லு, கேட்டச் சாத்தணும்.