டாலிவென் என்கிற குழாய்

கெசையா: மெதுவா சொல்லுக்கா... சிரிச்சுச் சிரிச்சு விக்கலே வந்துடுச்சு. யாருகிட்ட சொன்னே?

தர்ஸா: அதான்டீ, டென்பிகிட்ட. ஊர் ஊரா சைக்கிள்ல போய்ப் பழைய வார்த்தை சேகரிக்கிறாரே, வடக்கேயிருந்து வந்த பல்கலைக்கழகத்துக்காரர்.

கெசையா: அவர் வர ஆரம்பிச்சதுலேர்ந்துதான் நீ அடுப்படியிலகூட நல்ல கவுனைப் போட்டுக்கிறே.

தர்ஸா: கவுனை விடு. மொதல்ல எல்லாம் நிஜமாத்தான் சொன்னேன். மூணு கால் மண்சட்டிக்குப் பிப்கின். ஒத்தைக் காது மரவாளிக்குப் பிக்கின். நம்ம தோட்டத்துல கொத்துக் கொத்தா, வெள்ளையா, இனிப்பா ஒரு கிழங்கு வருமே, அது ஸ்கிரெட்னு சொல்லி, வெண்ணெயில வதக்கியும் வச்சேன். ரெண்டு தட்டு காலி.

கெசையா: வார்த்தைக்காக வந்தவரா, கிழங்குக்காக வந்தவரா?

தர்ஸா: கேளேன். அப்புறம்... என் சரக்கு தீர்ந்துபோச்சு. அன்னிக்குப் பீப்பாயில குழாயை விட்டு ஆப்பிள் மதுவை, அதான் சைடரை, உறிஞ்சி ருசி பார்த்துட்டிருந்தேன். இந்தக் குழாய்க்கு இங்க என்ன பேருன்னு கேட்டார்.

கெசையா: குழாய்க்குக் குழாய்னுதான் பேரு.

தர்ஸா: அப்படிச் சொன்னா தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டு ரயிலேறிடுவாரே. அதனால... டாலிவென்னு சொல்லிட்டேன்.

கெசையா: டாலிவென்னா? அது நீ விட்ட சரடா?

தர்ஸா: வாயில வந்தது. ரெண்டு மடக்கு உள்ள போயிருந்துச்சு.

கெசையா: அடிப்பாவி.

தர்ஸா: அதோட போயிருந்தா தேவலை. மனுஷன் நேரா மாவு மில்லுக்குப் போய் விசாரிச்சிருக்கார். மில்லுக்காரர் ஜேபஸ், எங்கப்பா டாலிவென் இல்லாம வீட்டு வாசலைத் தாண்ட மாட்டாருன்னு சொல்லியிருக்கார்.

கெசையா: தெரியாதுங்கிற சொல்லே அவர் வாயில வராதே.

தர்ஸா: மதுக்கடையில இன்னும் மோசம். டாலிவென் ஒரு முழம்னு ஒருத்தன், ஒரு சாண்தான்னு இன்னொருத்தன்... சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்களாம்.

கெசையா: இரு, இரு... எங்க வீட்டுக்காரர்கூட, எங்கம்மாகிட்ட ஒரு டாலிவென் இருந்துச்சேன்னார். நானும் அது என்னன்னே தெரியாம நம்பிப் பரண்ல ஏறித் தேடினேன்கா.

தர்ஸா: சிரிக்காதேடீ. நாளைக்கு அவங்க பல்கலைக்கழகத்துப் பெரியவங்க கூட்டத்துல இதைப் பேசப்போறாராம். நம்ம சாமர்செட் சீமையிலயே யாரும் எழுதி வைக்காத சொல்லுன்னு, முகமெல்லாம் பூரிச்சுப்போய்ச் சொன்னார். அங்க யாராவது தோண்டித் துருவினா அவர் பொழப்பு என்னாகும்?

கெசையா: அப்ப உண்மையைச் சொல்லிடு.

தர்ஸா: சொன்னா, திரும்ப இந்தத் திசையில தலைவச்சுப் படுப்பாரா?

கெசையா: சொல்லாட்டி அவர் மானம் போகும். எது பெருசுன்னு நீயே... ஏய், சைக்கிள் மணி.

தர்ஸா: நீ போயிடாதே.

கெசையா: நான் பாத்திரம் தேய்க்கிறேன். காது மட்டும் இங்கதான் இருக்கும்... வாங்க மிஸ்டர் டென்பி. அக்கா உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருந்தா.

டென்பி: சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிட்டேன். உங்கக்கா மிஸ் ஹாப்குட்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு...

தர்ஸா: நான் மொதல்ல சொல்லிடறேன். டாலிவென்னு ஒரு வார்த்தையே கிடையாது. நானா கட்டிவிட்டது.

டென்பி: ஆனா மில்லுக்காரர் ஜேபஸ்...

தர்ஸா: ஜேபஸ் சொன்னது புளுகு. மதுக்கடைச் சண்டை வெறும் வீம்பு. தயவுபண்ணி அந்தக் கூட்டத்துல அதைப் பேசாதீங்க. உங்களைப் பார்த்து நாலு பேர் சிரிச்சா... எனக்குத் தாங்காது.

டென்பி: ஏன் கட்டிவிட்டீங்க?

தர்ஸா: அது... சும்மாதான்.

கெசையா: பாத்திரம் தேய்க்கிறவளுக்கே தெரியுது. சொல்லித் தொலைக்கா.

தர்ஸா: எனக்குத் தெரிஞ்ச வார்த்தை எல்லாம் தீர்ந்துபோச்சு. தீர்ந்துட்டா நீங்க வர மாட்டீங்களேன்னு... அவ்வளவுதான். திட்டணும்னா திட்டிடுங்க. என்ன, குனிஞ்சுட்டே இருக்கீங்க? அழறீங்களா, சிரிக்கிறீங்களா?

டென்பி: சிரிப்புதான்... ரெண்டு நாளா அந்த மில்லுக்காரரோட அப்பாவை நினைச்சு உருகிட்டிருந்தேன். போகட்டும், டாலிவென்னை நோட்டுலேர்ந்து அடிச்சுடறேன். கூட்டத்துக்குப் பிப்கினும் ஸ்கிரெட்டும் போதும்.

தர்ஸா: அப்ப... வேலை முடிஞ்சுது. இனிமே எங்க வரப்போறீங்க.

டென்பி: தர்ஸா... இந்த ஊர்ல கேக்கச் சொல்லிப் பல்கலைக்கழகம் கொடுத்த கேள்வியெல்லாம் ரெண்டு மாசம் முன்னாடி, ஏப்ரல்லயே தீர்ந்துடுச்சு. குழாயைப் பத்தி ஒரு கேள்வியும் அதுல கிடையாது. கேக்க வேற எதுவும் இல்லாம, உங்க கையில இருந்ததைக் காட்டிக் கேட்டேன்.