பொத்தான் அக்காவிடம் நாம் பறித்த வசந்தம்

பனியும் பல்நடுக்கமும் போய்ப் பளிச்சென்று வெயில் விழுந்திருக்கும் இந்த மாலையில், தலைமையேற்று வீற்றிருக்கும் தெருச்சங்கத் தலைவர் அவர்களே! நாங்கள் தடுமாறியபோதெல்லாம் தாங்கிப் பிடித்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடே அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் நிற்கும் நண்பர்களே! இந்தத் தையற்காரியின் வணக்கம்.

வசந்தத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மொட்டைப் பற்றிப் பேசலாம், மலரைப் பற்றிப் பேசலாம். நான் பேச வந்தது ஒரு பெண்ணைப் பற்றி. என் கடைக்கு வீட்டிலிருந்தே பொத்தான் தைத்துத் தரும் நம் பொத்தான் அக்காவைப் பற்றி.

படுத்த படுக்கையாகக் கிடந்த தகப்பனாரின் கட்டிலோரத்தில் உட்கார்ந்துதான் அவர் ஊசி பிடித்தார். கத்தரிக்கோல் சத்தத்துக்கே அப்பா விழித்துக்கொள்வார் என்று, நூலைப் பல்லால் கடித்தே அறுத்தார். ஜன்னலைத் திறந்தால் அப்பாவுக்கு இருமல்; திறக்கவில்லை. வெளியே பூத்தது தெரியுமா அவருக்கு? உதிர்ந்தது தெரியுமா? ஆண்டுக்கணக்கில் தெரியாது, அவையோரே, தெரியவே தெரியாது!

போன ஆண்டு, பனி முடியும் வேளையில் அப்பா கண்ணை மூடினார். சில வாரம் கழித்து ஒரு காலையில், ஈரத்தலையை வெயிலில் உலர்த்தியபடி அக்கா என் கடைவாசலில் வந்து உட்கார்ந்தார். கத்தரிக்கோலை எடுத்தார். வேண்டாத துணியை டக் டக்கென்று வெட்டினார். சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

“அப்பா போனதுல எனக்கு நிம்மதியா இருக்கு. இப்படி ஒரு பொண்ணு இருப்பாளா?” என்றார்.

“களைச்சுப் போனவ அப்படித்தான் இருப்பா. நீங்க வெயில்ல உக்காருங்கக்கா” என்றேன்.

அந்த வாரமே சொந்தக்காரர்கள் வண்டியில் வந்தார்கள். ஆறுதல் சொல்லவா வந்தார்கள்? நடமாட முடியாத அத்தையைக் கட்டிலோடு கொண்டுவந்து இறக்கினார்கள்! “உனக்குத்தான் நோயாளியப் பாத்துப் பழக்கம் இருக்கே. சும்மா இருந்தா மனசு வாடிடும்மா” என்றார் அக்காவின் சித்தப்பா. அவர் கெட்டவர் அல்ல. உபகாரம் செய்வதாகத்தான் நினைத்தார். தெருவே தலையாட்டியது. அக்கா மறுபடியும் ஜன்னலைச் சாத்திவிட்டார்.

என்ன ஐயா? அத்தையை நடுத்தெருவிலா விடுவது என்கிறீர்களா? அந்த அம்மாள் வாயில்லாப் பூச்சி; அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகும். அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் அந்தச் சொந்தக்காரர் வீடு நிறைய இருந்தார்களே, அதைக் கேட்கிறேன். துளிர்க்க மரத்துக்கு அவகாசம் உண்டு, மண்ணுக்கு அவகாசம் உண்டு, மகளுக்கு மட்டும் கிடையாதா? போன வசந்தம் போனது போனதுதான். நாம் எல்லோரும் கூடி அழுதாலும் அதைத் திருப்பித் தர முடியாது. நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

இன்று அவருக்குத் தியாகச் செம்மல் என்று விருது கொடுக்க அழைத்தோம். வரவில்லை. சொல்லி அனுப்பியிருக்கிறார்: “அத்தையத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது? விருது வேணாம். நாளைக்கு மதியம் யாராவது வந்து அத்தை பக்கத்துல உக்காருங்க. நான் ஆத்தங்கரைக்குப் போய் வெயில்ல கொஞ்சம் படுத்துக்கிறேன். அப்பா போனப்ப நிம்மதியா இருந்துச்சுன்னு சொன்னேனே, அதையும் மேடையிலயே சொல்லிடுங்க. எத்தனை வீட்ல எத்தனை பேர் இதை முழுங்கிட்டு இருக்காங்களோ.”

சொல்லிவிட்டேன். தட்ட வேண்டாம், தாய்மார்களே. தட்டுகிற கையைத் தூக்கிக் காட்டுங்கள். நாளை மதியம் யார் வருகிறீர்கள்?

ஒருவர்கூட இல்லையா?

அதோ, சுவரோரம் ஒரு கை. யாரது, அக்காவின் சித்தப்பாவா? வாருங்கள் ஐயா, நல்லது. மறுநாளைக்கு நான் போகிறேன். அதற்கடுத்த நாளை இந்தத் தெரு சொல்லட்டும். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. நிம்மதியை ஒரு குற்றம்போல நெஞ்சுக்குள் ஒளித்து வைத்திருக்கும் எல்லோருக்கும் என் வணக்கம்.

ஐயா, அந்தக் கையை ஒரு வசந்தம் முன்னால் தூக்கியிருக்கக் கூடாதா?