தெருக்குத்து மனைக்குப் பூக் கேட்டது

— ஆடுச்சா?

— இல்லீங்க அத்தை. காத்து.

— எது ஆடுச்சு, செகப்பா வெள்ளையா?

— ரெண்டுந்தான் ஆடுச்சு. ரெண்டும் அப்படியே நிக்குது.

— நல்லாப் பாரு பிரியா. எங் கண்ணுக்கு எல்லாம் பொகையாத் தெரியுது.

— பாத்துட்டேதான இருக்கேன். ஆத்தாளோட வலது தோளுல செகப்பு அரளி. எடது தோளுல வெள்ள அரளி. பூசாரி ஈரத்தோட ஒட்டுன எடத்துலயே இருக்கு.

— செகப்பு மொதல்ல விழுந்தா...

— கட்டலாம். வெள்ள விழுந்தா கட்டக் கூடாது. எத்தன தடவதான் கேப்பீங்க?

— கேக்கறது வெளக்கமாக் கேக்கணும். அப்புறம் ஆத்தா மேல பழி போடக் கூடாது.

— சரி, வெளக்கமாவே சொல்றேன், ஆத்தாளுக்கும் கேக்கட்டும். மாரண்டஹள்ளி கடைவீதியில மாமா கடை இருந்த காலி மனையில உங்க மவன் பேக்கரி கட்டறதா, வேணாமா? வேணாம்னா அத செல்போன் கடைக்காரரு தர்மனுக்கு வாடகைக்கு வுட்டுட்டு நாங்க மூணு பேரும் புனேக்குப் போறோம். போதுமா?

— புனே... அது ஓசூரத் தாண்டியா?

— ஓசூரத் தாண்டி, பெங்களூரத் தாண்டி, ஒரு ராத்திரி பூரா ரயில்ல போவணும். இவரு கம்பெனிய அங்க தூக்கிட்டுப் போறாங்க. வர்றவன் வா, வராதவன் வூட்டுக்குப் போன்னுட்டாங்க.

— பாப்பா அங்க போயி என்ன பாசையில என்னை ஆயான்னு கூப்புடும்?

— அங்க மராட்டி பேசுவாங்களாம்.

— சரி வுடு. ரெண்டுமே விழாம நின்னா என்னான்னு பூசாரி சொன்னாரு?

— ஆத்தா தடுக்கலைன்னு அர்த்தமாம். உங்க மனசு போல செய்யிங்கன்னு வுட்டுட்டாளாம். ஆனா அப்படி நடக்கறது ரொம்ப அபூர்வம்னாரு. விழுந்தாக் கூப்புடுங்கன்னு டீ குடிக்கப் போயிட்டாரு.

— எம் புருசன் டீக்கடைக்கு வந்தவனெல்லாம் இப்படித்தான் எங்கியாச்சும் சொல்லிட்டு வருவான். எம் மவன் நவநீதன் என்ன பண்றான்?

— புளியமரத்தடியில நடந்துட்டே இருக்காரு. யாருக்காகப் பூக் கேக்கறமோ அவங்க உள்ள நிக்கக் கூடாதுன்னு தொரத்திட்டாங்களே.

— அவங்கப்பனும் அப்படித்தான். நின்ன எடத்துல நிக்க மாட்டாரு. அன்னிக்குப் பாத்து உக்காந்துட்டாரு.

— அத்தை...

— நீ பூவப் பாரு.

— பாக்கறேன்.

— ஒரு பூ விழ இவ்வளவு நேரமா? எங் கல்யாணத்துக்குக் கேட்டப்ப தேங்கா ஒடைக்கறதுக்குள்ள விழுந்துச்சு.

— எந்தப் பக்கம்?

— வலதுதான். இத்தன நடந்தும் ஆத்தா மேல ஒரு பழி போட்டிருக்கனா, சொல்லு.

— இல்ல... மாமா மேல நெறையாப் போட்டிருக்கீங்க.

— அவரு தாங்குவாரு. ஏம் பிரியா, நீ படிச்சவ. நெசத்தச் சொல்லு. அந்த மனையில எவனாச்சும் கட்டுவானா? மேட்டுல இருந்து எறங்குற ரோடு வளையாம நெளியாம வந்து நம்ம வாசல்ல முட்டுது. நெஞ்சுல ஈட்டிய வெச்சாப்ல. தெருக்குத்து மனைடா, வேணாம்டான்னு எம் மாமனாரு காலத்துலயே சொன்னாங்க.

— பின்னால தள்ளிக் கட்டலாம்னா பாறை.

— யானை படுத்தாப்ல பாறை. முன்னால ரோடு, பின்னால பாறை, நடுவுல முறம் வெக்கற எடம். அதுலதான் டீக்கடையப் போட்டு, பன்னு வித்து, எம் புள்ளைய டிப்ளமா படிக்க வெச்சாரு.

— அதத்தான் இவரும் சொல்றாரு. அப்பா உக்காந்த எடத்துலயே...

— அப்பா செத்த எடத்துலன்னு சொல்லு. நீயும்தான் சேந்துக்கிட்டு கட்டணும் கட்டணும்னு ஒத்து ஊதற.

— ஊதாம? பேக்கரிக்குப் பேரு கூட நாந்தான சொன்னேன்.

— என்ன பேரு?

— காளியப்பன் பேக்கரி.

— இதுக்கு ஒரு யோசன வேணுமா? பழைய பேருதான.

— பழசு காளியப்பன் டீ ஸ்டால். பயப்படாதீங்க அத்தை, கட்டலாம். தெருக்குத்துக்கு ஒரு பிள்ளையாரு வெச்சாப் போச்சு.

— வெச்சிருந்தோமே! செவுத்துல மாடம் கட்டி, தெனமும் அருகம்புல்லு சாத்தி. லாரி அவரையும் சேத்துத்தான அடிச்சிட்டுப் போச்சு. தும்பிக்கை ஒரு பக்கம், தொப்பை ஒரு பக்கம். நானே பொறுக்கிக் கொண்டு போயி ஆத்துல வுட்டேன். தன்னையே காப்பாத்திக்கத் தெரியாத மனுசன்.

— சாமியப் போயி மனுசன்றீங்க.

— கடை தொறந்த நாள்ல இருந்து எங்ககூட இருந்தவரு. எங்களுக்கு மனுசந்தான்.

— அந்த லாரி... தக்காளி லோடு தான அத்தை? ஐயோ, கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க.

— நாலு வருசமாக் கேக்காமயே கொழம்புக்குப் புளிய மட்டும் கரைச்சு ஊத்துனவ நீ. நான் வேணாம்னு ஒரு நாளும் சொல்லல. நீயா வுட்டுட்ட தக்காளிய.

— ரசம் ஏன் இப்படி இருக்குதுன்னு இவரு ஒருக்கா கேட்டாரு. தக்காளி வெல ஏறிப் போச்சுன்னேன்.

— பாலக்கோட்டு சந்தையில வாங்க ஆளில்லாம ரோட்டுல கொட்டிக் கெடந்தப்ப.

— கொட்டிக் கெடந்தப்பதான். நம்பிட்டாரு.

— அவன் நம்புவான். அவங்கப்பன் மாதிரி... என்னமோ விழுந்தாப்ல இருந்துச்சே!

— மாலையில இருந்து ஒரு சாமந்தி. நம்ம பூ இல்ல.

— செகப்பு நிக்குதா?

— நிக்குது. அத்தை, வெள்ளப் பூவுல என்னமோ கருகருன்னு... எறும்பு. பீடத்துல இருந்து வரிசையா ஏறுது.

— எறும்பு எங்கதான் இல்ல? காலையில தேன் அபிசேகம் பண்ணியிருப்பாங்க.

— ஆத்தா மொகத்துல இல்ல, கால்ல இல்ல. பூவுக்கு மட்டும் போவுது.

— எறும்புக்கு நீ வழி சொல்லப் போறியா? செகப்பப் பாருன்னா.

— ஏன் கோவப்படறீங்க? வெள்ள விழணும்னுதான உங்களுக்கு ஆசை?

— ஆமா. விழட்டும். விழுந்தா நிம்மதி. தர்மன் என்னமோ பண்ணிக்கட்டும்.

— தர்மனும் ஒரு அம்மாவுக்குப் புள்ளதான. கடைக்கு ரெண்டு பொண்ணுங்கள வேலைக்கு வெப்பாரு. அதுங்க ரோட்டப் பாத்துதான உக்காரும்?

— வாய மூடு பிரியா. நான் அத நெனைக்கலைன்னு நெனச்சியா? அவங்கம்மா ராமக்காளும் நானுந்தான் தெனமும் சொசைட்டிக்குப் பால் எடுத்துட்டுப் போறோம். எம் புள்ளைக்கு வேணாம்னு தள்ளுன எடத்த அவ புள்ளைக்குக் குடுத்துட்டு, அவகூட எப்படி நடப்பேன்?

— அப்ப வேற ஏதாச்சும்... ஏடிஎம் வெக்கலாம்னு ஒருத்தரு சொன்னாரே.

— ஏடிஎம்முக்கு வாட்ச்மேன் உக்காருவான்.

— வண்டி நிறுத்தற எடம்?

— சீட்டுக் கிழிக்க ஒருத்தன் உக்காருவான். நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். யாரும் உக்காராத கடைன்னு ஒண்ணு இருக்குதா, சொல்லு.

— சும்மாவே போட்டு வெக்கலாம்.

— சும்மா கெடந்து எருக்கஞ்செடியும் காலி பாட்டிலுந்தான் மொளைக்குது. கண்டவன் செத்தவன் ஃப்ளெக்ஸெல்லாம் அங்கதான் கட்டறான். அந்தப் பக்கம் போறப்பெல்லாம் நான் தலையக் குனிஞ்சுக்கறேன். நவநீதன் குனியறதில்ல. நின்னு பாப்பான். இந்த நாலு வருசத்துல அவன் வாய்விட்டுச் சிரிச்சு நான் பாத்தது, அந்த மனைய அளந்துட்டு வந்த அன்னிக்குத்தான்... என்னடி, மொகம் வெளுத்துப் போச்சு?

— ஃபோனு. இவருதான். என்னாச்சுன்னு கேப்பாரு.

— இன்னும் விழலைன்னு சொல்லு. உள்ள வந்துறப் போறான்.

— ஏங்க... இன்னும் இல்லீங்க... ம்... அத்தை நல்லாத்தான் இருக்காங்க... நீங்க அங்கயே இருங்க, ரோட்டோரமாப் போவாதீங்க. மரத்துகிட்டயே இருங்க... வெக்கறேன்.

— இங்க ஏதுடி ரோடு? மாட்டுவண்டித் தடந்தான் இருக்குது.

— வாயில வந்துருச்சு... அத்தை, ஒண்ணு சொன்னா கைய ஓங்க மாட்டீங்களே?

— ஓங்குனா எங் கைதான் சுளுக்கிக்கும். சொல்லு.

— செகப்புப் பூ விழாது.

— ஏன்?

— பாப்பாவோட பள்ளிக்கூடத்துப் பசைய அடியில தடவிட்டேன்.

— ஆத்தா கோயில்லயா!

— ஆத்தா கோயில்லதான். நீங்க பொங்கப் பானைகிட்ட இருந்தப்ப. அப்புறந்தான் பூத்தட்ட உங்க கையில குடுத்தேன், நீங்க பூசாரிகிட்ட குடுத்தீங்க.

— கட்டணும்னு குதிச்சவ நீதானடி?

— குதிச்சேன். அவரு மொகம் அப்படி இருந்துச்சு அத்தை. அளக்கறப்ப டேப்போட ஒரு முனைய எங்கிட்டக் குடுத்துட்டு, ரோட்டுக்கு முதுகக் காட்டிக் குனிஞ்சாரு. மேட்டுல இருந்து ஒரு டிராக்டர் எறங்குச்சு. காலி டிராக்டர், மெதுவாத்தான் வந்துச்சு. நான் டேப்ப வுட்டுட்டு அவரு சட்டையப் புடிச்சு இழுத்துட்டேன். டேப்பு சுருண்டு வந்து அவரு கையக் கிழிச்சிருச்சு.

— கையில தகரம் பட்டுதுன்னு சொன்னானே...

— நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். கடையின்னு வந்துட்டா தெனமும் அங்க உக்காருவாரு அத்தை. தெனமும் நான் எங்க இருந்து இழுப்பேன்? திட்டுங்க. திட்டிருங்க.

— வேணாம்னு நேரா சொல்லித் தொலைய வேண்டியதுதான?

— நீங்க வேணாம்றீங்க. நானும் வேணாம்னுட்டா அவரு பக்கத்துல நிக்க யாரு இருக்கா?

— அதுக்குன்னு ஆத்தாளையே ஏமாத்துவியா?

— தப்புதான் அத்தை. ஆனா அத்தை... ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல.

— என்ன?

— வெள்ளப் பூவுல நான் ஒண்ணும் தடவல.

— ...சரி.

— ஈரத்துல ஒட்டுன பூவு. காஞ்சா விழணும். மாலையில கட்டுன பூவே உதிருது. இது மட்டும் நிக்குது.

— அதுக்கு என்ன இப்ப?

— அவ புடிச்சுக்கிட்டா அத்தை! நான் ஒரு பக்கத்த ஒட்டுனேன், ஆத்தா இன்னொரு பக்கத்தப் புடிச்சுக்கிட்டா. உன்னோட திருட்டுத்தனம் எங்கிட்ட நடக்காதுன்னு காட்டறா. கட்டக் கூடாதுன்னு அவ சொல்லல!

— அப்படியும் இருக்கலாம்.

— இருக்கலாம் இல்ல, அதேதான். எனக்கு மேலெல்லாம் சிலுக்குது.

— உக்காரு மொதல்ல. தண்ணியக் குடி.

— கட்டலாம்னு அவ வுட்டுட்டா எப்படிக் கட்டறதுன்னும் சொல்லணும்ல...

— பூவுக்கு அவ்வளவுதான் பேசத் தெரியும். மிச்சத்துக்கு நமக்குத் தல இருக்குது.

— பாறைய ஒடைச்சா?

— ஒடைக்கலாம். எஞ்சினியரு வீரமணிதான் சொன்னானே, ஒடைக்கறது பெரிசில்ல, அத்தன கல்லையும் எங்க கொண்டு போயிக் கொட்டறதுன்னு.

— எதுக்குக் கொட்டணும்?

— பின்ன, வூட்டுக்கா தூக்கிட்டு வருவ?

— முன்னால போட்டுருவோம். ரோடு வந்து முட்டற எடத்துலயே. பெரிய பெரிய கல்லா, என் நெஞ்சு ஒசரத்துக்கு, மாட்டுவண்டி நீளத்துக்கு அடுக்கிருவோம். கடை பின்னால பாறை இருந்த எடத்துக்குப் போயிரும். எது வந்தாலும் கல்லுல முட்டட்டும்.

— வாசலு?

— பக்கவாட்டுல. காய்கறி மண்டிச் சந்துல.

— ரோட்டுக்கு மொகங் காட்டாத கடைக்கு எவன் வருவான்?

— மண்டிக்கு வர்றவங்க விடியறதுக்கு முன்னாடியே அந்தச் சந்துலதான குளுருல நிக்கறாங்க. பன்னு வேகற வாசனைக்கு போர்டு எதுக்கு?

— உம் புருசன் ஒத்துக்கணுமே. ரோட்டுல போறவனுக்குக் கண்ணாடி வழியா கேக்கு தெரியணும்னு கனாக் கண்டுட்டு இருக்கான்.

— கல்லு இல்லைன்னா கடையும் இல்லைன்னு நானே சொல்லுவேன். நேரா. அவரு கண்ணப் பாத்து.

— இத முன்னாடியே பண்ணியிருந்தா பாப்பாவோட பசை மிஞ்சியிருக்கும்.

— பிள்ளையாரும் வெக்கணும் அத்தை. புதுசா.

— வெப்போம். ஆனா கல்லுக்குப் பின்னால வெப்போம். இந்தத் தடவ அவர நாம காப்பாத்தலாம்... என்னடி, சிரிக்கறியா அழுவறியா?

— தெரியல அத்தை. ரெண்டும் வருது.

— அப்புறமா அழுதுக்கலாம். போயி பூசாரியையும் அவனையும் கூட்டிட்டு வா. ரெண்டு பூவும் நிக்கறத அவங்களே கண்ணால பாக்கட்டும்.

— இருங்க, விழுந்து ஒரு கும்புடு போட்டுட்டுப் போறேன். ஒரு பொட்டுப் பசை இல்லாம அந்த வெள்ளப் பூவ எப்படித் தாங்கிட்டு இருக்கா பாருங்க!

— கும்புடெல்லாம் வந்து போடலாம், நீ ஓடு... போயிட்டாளா? ஆத்தா, எம் புள்ள சிரிக்கட்டும்னு வெள்ளப் பூவுக்கு நான் பொங்கப் பானையில இருந்து ஒரு வெரல் வெல்லப்பாகுதான் வழிச்சுத் தடவுனேன், எறும்பு பாதிக்கு மேல தின்னுருச்சு.