ஈரத் தோல்

ஹலோ... ஹலோ, தம்பியா?... நான்தான்டா, அக்கா. மாட்டு அறுப்புக் கூடத்துலேர்ந்து பேசறேன்... ஆமா, ஆமா, உன் வண்டி வந்துடுச்சு. அதுக்குத்தான் கூப்பிட்டேன். வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கேன், ஒரு மாட்டைக்கூட இறக்க விடல... விடலன்னா விடலதான். இறங்கற மாட்டையெல்லாம் பாத்துட்டு உள்ள அனுப்பறது யாரு? நான்தானே?... இரு, இரு, மூச்சு விடு. எதுவும் விழல, எதுவும் சாகல. எல்லாம் நல்லாத்தான் நிக்குது.

ஏங்க, ஹாரனை அமுக்காதீங்க! காது கிழியுது!... உன்னை இல்லடா, டிரைவரை.

ஈரம்டா. அத்தனையும் சொட்டச் சொட்ட நனைஞ்சு நிக்குது. குளிப்பாட்டியா அனுப்பினே?... எனக்காகவா?... அடப்பாவி. சாணி அப்பியிருந்தா அக்கா திருப்பி அனுப்பிடுவாளேன்னு, ஏத்தறதுக்கு முன்னாடி பைப்பைப் பிடிச்சு அடிச்சியாக்கும். போட்டோ பிடிக்கவா அனுப்பறே? காய்ஞ்ச சாணியாச்சும் ஒட்டின இடத்துல கிடக்கும். நனைஞ்சா முதுகுல இருக்கறது வயித்துக்கு வழியும், உரசி உரசி பக்கத்து மாட்டுக்கும் பூசும். தோலை உரிக்கும்போது கத்தி, கை, கறி எல்லாத்துலயும் ஏறும். இத்தனை வருஷம் மாடு வளக்கறே, இதையும் நான் சொல்லணுமா?... சரி, சரி. ஈரம் காயும். அதுக்காக நான் போன் பண்ணியிருக்க மாட்டேன்.

தம்பி... மாட்டுக்கு மறுபடியும் சக்கை போடறியா?... பொய் சொல்லாதே... பொய் சொல்லாதேடா! கம்பி வழியா குனிஞ்சதுமே மூக்குல ஏறிச்சு, அந்தப் புளிச்ச வாடை. சாராய ஆலைச் சக்கை. போன கோடையோட அந்த வாடை எனக்கு மறந்திருக்கும்னு நெனச்சியா? என் பொண்ணு சட்டையில இருந்துச்சுடா அது. ஆஸ்பத்திரியில கழட்டிக் கையில குடுத்தாங்களே, அந்தச் சட்டையில.

ம்... ம்... தெரியும், மழை இல்ல. புல்லு கருகிப்போச்சு, வைக்கோலுக்கு நாயா அலையற. தெரியும்டா... இல்லயே, மாட்டுக்கு நோயின்னு நான் சொல்லவே இல்லயே. அதான் பயமா இருக்கு. தோலு மினுங்குது, கண்ணு தெளிவா இருக்கு. என் பொண்ணைக் கொண்டுபோன அந்தக் கிருமி மாட்டை ஒண்ணும் பண்ணாது. குடல்ல வாடகையில்லாம குடியிருக்கும், அவ்வளவுதான்... மாட்டு டாக்டர்தான் சொன்னாரு... ஆமா, நானாப் போய்த்தான் கேட்டேன். வேற யாரைக் கேப்பேன்? குளிர்ல அடங்கிக் கிடக்குமாம். வெயில் ஏற ஏற சாணியில பெருகுமாம். இந்தச் சக்கை தின்னா இன்னும் கூடலாமாம்... இல்ல, அவர் சத்தியம் பண்ணல. எல்லா மாட்டுலயும் அப்படி ஆகணும்னு இல்லம்மா, தீனிய மாத்தினாலும் சிலதுல குறையும், சிலதுல குறையாதுன்னுதான் சொன்னாரு. சக்கையாலதான் என் பொண்ணு வாலுவுக்கு அப்படி ஆச்சுன்னும் சொல்லல. அதை யாராலயும் சொல்ல முடியாதாம். அதனாலதான்டா எனக்குத் தூக்கமே இல்ல. இதுதான்னு தெரிஞ்சிருந்தா அழுது முடிச்சிருப்பேன்.

என்ன, அந்தப் பேரை ஏன் எடுக்கறேன்னா கேக்கறே? வாலு. நீ வச்ச பேருதானே?... மாமா மாமான்னு உன்னையே சுத்திச் சுத்தி வந்தவதானே? லீவுக்கு உன் வீட்டுக்கு வந்தா. கொத்துக்கறி உள்ள வேகாம கொஞ்சம் சிவப்பா இருந்துச்சு. இருந்தா என்ன, நம்ம மாடுதானேன்னு எல்லாருமாத்தான் தின்னோம். நான்கூடத் தின்னேன். எனக்கு ஒரு வயித்துவலி வரல. அவளுக்கு ரத்தமாப் போச்சு. அப்புறம் ஒண்ணுக்கே வரல, கிட்னி நின்னுபோச்சு, மிஷின்ல போட்டு... சரி. சரி, சொல்லல. நிறுத்திட்டேன்.

ஒண்ணு மட்டும் கேளு. இங்க எந்த வண்டி வந்து நின்னாலும், கம்பிக்கு நடுவுல அவ கை தெரியுதுடா எனக்கு. மாட்டு மூக்கைத் தடவுவாளே, அந்தச் சின்னக் கை. கிட்டப் போனா ஒண்ணும் இருக்காது, ஏதாவது ஒரு மாடு காதை ஆட்டிக்கிட்டு நிக்கும். அதுக்குக்கூடப் பழகிட்டேன். இன்னைக்கு உன் வண்டியிலயே தெரிஞ்சுது பாரு, அந்த வாடையோட... பைத்தியமா? ஆமா, பைத்தியம்தான். பெத்தவ பைத்தியமாகாம வேற யாரு ஆவா?

வர்றேன் சார், இதோ, வீட்டுப் போன்தான்... சூப்பர்வைசர். எட்டிப் பாத்துட்டுப் போறாரு. வாடையைச் சொல்லி வண்டியைத் திருப்ப எனக்கு அதிகாரம் இல்ல. ஈரத் தோலுன்னு சொல்லித் திருப்பலாம், திருப்பிடுவேன். ஆனா இங்கேர்ந்து திருப்பினா நீ எங்க அனுப்புவே?... சொல்லு... அதானே பாத்தேன். ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் கூடம். அங்க எவன் பாக்கறான், ஈரமா இருக்கா காய்ஞ்சிருக்கான்னு? கதவைத் தொறந்து வச்சுட்டு வர்றதையெல்லாம் உள்ள விடுவான்.

வீட்டுக்குத் திருப்புடா. காயட்டும். வைக்கோலுக்கு நானும் நாலு பேர்கிட்ட சொல்லி வைக்கறேன். சாணிய எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம், வெயில் தணியட்டும். அப்புறம் நானே நின்னு இறக்கறேன், போதுமா?... என்னது?... எல்லாரும் தின்னுட்டுதான் இருக்காங்க, யாருக்கு என்ன ஆச்சுன்னா கேக்கறே? என்கிட்டயா?... நல்லாக் கேட்டே. நானும் ஒண்ணு கேக்கறேன். உன் பசங்க தின்னறாங்களா?... மழுப்பாதே. உன் பசங்க. உன் மாட்டுக் கறி. தின்னறாங்களா, இல்லயா?

என்னது?... தின்னறதில்லயா?...

எப்பலேர்ந்து?... வாலுவை எடுத்துட்டுப் போன அன்னிலேர்ந்தா?... உன் பொண்டாட்டி அடுப்புலயே ஏத்தறதில்லயா?... ம்... ம்...

அப்ப உனக்குத் தெரியும். எனக்கு முன்னாடியே உனக்குத் தெரியும். நான் என்னடான்னா அந்த டாக்டர் வாசல்ல நாள் முழுக்கக் காத்துக் கிடந்தேன். உன் வீட்டு அடுப்புக்கே தெரிஞ்சிருக்கு! உன் பசங்க தட்டுல போட மாட்டே, ஊரான் வீட்டுப் பசங்களுக்கு வண்டி ஏத்தி அனுப்புவே. அதையும் என் கை வழியாவே அனுப்புவே. குளிப்பாட்டி வேற அனுப்புவே!... கத்தல... கத்தலடா... நீ ஏன்டா அழுவற?... ம்... நானும்தான் பயந்தேன். பயந்தா என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? உன் அக்கா உன்னைக் கடிச்சா தின்னுடுவா?

என்ன சொன்னே?... நிஜமாவா?... இன்னொருவாட்டி சொல்லு, எனக்குக் காது அடைச்சுப் போச்சு... வீட்டுக்கு. சரி. சரிடா ராஜா. ஏங்க! வண்டியத் திருப்புங்க! தம்பி வீட்டுக்கே ஓட்டிட்டுப் போங்க!... அட, அவனேதாங்க சொல்றான், லைன்லதான் இருக்கான்!... திருப்பறாரு, தம்பி. முணுமுணுத்துக்கிட்டே திருப்பறாரு. நல்லா இருப்படா நீ.

என்ன?... இன்னொண்ணா? என்ன இன்னொண்ணு?... வண்டி சத்தத்துல கேக்கல, உரக்கச் சொல்லு... காலையிலயா?... காலையிலயே ஒரு வண்டி போயிடுச்சா? அந்தப் பக்கத்துக் கூடத்துக்கா?... அதே கொட்டகை மாடுங்களா? அதே சக்கையா?...

ஐயோ... இல்ல, திட்டல. திட்ட நேரம் இல்ல. அவங்க காலையில அறுத்ததை மத்தியானமே கொத்துக்கறியாப் போட்டுடுவாங்கடா. எல்லா மாட்டுக் கறியும் ஒண்ணாக் கலந்துடும். அப்புறம் எந்தக் கடைக்குப் போச்சு, எந்த வீட்டுக்குப் போச்சுன்னு யாரு தேடுவா? அந்தக் கூடத்து நம்பரைச் சொல்லு... மன்னிப்பு அப்புறம், நம்பரைச் சொல்லுடா... ம்... ம்... கடைசி ரெண்டு?... ம். ஆயிடுச்சு... அழலாம்டா, அப்புறமா ரெண்டு பேரும் உக்காந்து அழலாம். இப்ப லைனை விடு, நான் அங்க போன் போட்டு நிறுத்தச் சொல்லணும். வைடா... தம்பி, நீ வை முதல்ல!