பசியில்லாத ஏழு மீன்கள்

"ஹலோ... ஹலோ, முந்தல் தபால் கந்தோர்... ஓம், ஓம், இஸ்ஸதீன்தான் பேசுறன்... ஆ, இன்ஸ்பெக்டர் ஐயாவா... வெளிக்கிட்டாச்சா? இப்பவேயா?"

உப தபாலதிபர் இஸ்ஸதீன் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு மேசைக் கோடியிலிருந்த கண்ணாடிச் சாடியைப் பார்த்தார். தந்திப் பற்றரிக்கென்று வந்து கழித்து விடப்பட்ட சாடி அது. அடியில் மணல், அதில் ஊன்றிய பாசி, பாசிக்கிடையில் அரை விரல் நீளமும் இல்லாத ஏழு மீன்கள். நெற்றியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளிப் பொட்டு. எலுவன்குளத்துக்குப் போய், முழங்காலளவு தண்ணீரில் நின்று, நுளம்பு வலைத் துணியால் அவரே வடித்துக் கொண்டுவந்தவை. உருவம்தான் சிறிது. பாசிக்குள் பதுங்கி நின்று, வாய்க்குள் அடங்குகிற எதையும் பாய்ந்து கவ்விவிடும்.

அந்த வேட்டைக்காரர் ஏழு பேரும் இப்போது பெருநாள் விருந்து முடிந்து பாய் தேடுகிற மாப்பிள்ளைமாரைப் போல வயிறு புடைத்து, அசையாமல் நின்றார்கள்.

"இல்ல ஐயா, லைன்ல இரிக்கன்... வரலாம், வரலாம்... இண்டைக்கு வேணாம் எண்டு பார்க்கிறன்... இங்க நல்ல மழை ஐயா. ரோட்டுல தண்ணி... சிலாபத்துல வெயிலா? அது சிலாபம்... ஓ, முந்தல் பஸ் இப்பத்தான் அங்க வந்திச்சா... தூசியோடயா... அப்ப மழை விட்டிட்டு போல."

போன கிழமை ஊர்க் கூட்டத்தில் சனிற்றரி இன்ஸ்பெக்டர் அன்ரனிப்பிள்ளை, காய்ச்சல் பரப்புகிற நுளம்பை ஒழிக்க நாலு தெருவிலும் உள்ள குளிக்கிற கிணறுகளுக்கெல்லாம் எண்ணெய் ஊற்றப்போவதாக அறிவித்திருந்தார். ஊர் முணுமுணுத்தது. எழும்பி நின்று பேசியவர் இஸ்ஸதீன் ஒருவர்தான். எண்ணெய் வேண்டாம், கிணற்றுக்கு நாலு மீன் விட்டால் போதும் என்றார். சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டு ஒரு வாக்குக் கொடுத்தார். ஒரு போத்தல் நிறைய நுளம்புப் புழுவோடு வருவேன், நான் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் உம்முடைய மீன்கள் அவ்வளவையும் தின்றால் எண்ணெய் இல்லை. தின்னாவிட்டால் முதல் வாளி உம்முடைய கிணற்றுக்குத்தான்.

அதற்காக இஸ்ஸதீன் மீன்களை இரண்டு நாள் பட்டினி போட்டார். அவருடைய மனைவி மர்ளியா இன்று சுபஹுத் தொழுகையோடு எழும்பி அந்தப் பட்டினியை முடித்துவைத்திருந்தாள்.

"உண்மையச் சொல்லட்டா ஐயா... மீனுக்குச் சுகமில்ல... தடிமன்... மீனுக்குத் தடிமன் வராதா? அது எனக்குத் தெரியா ஐயா, நான் தபால்காரன்... ஒரு நிமிசம்."

அவர் ரிசீவரின் பேசும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கதவடியில் நின்ற மனைவியிடம் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். பெரிய மனிசர் வருகிற நாளில் வீட்டுச் சீவனைப் பட்டினியாய் நிறுத்திக் காட்டுவது மரியாதையா என்றாள் அவள். அது முழுக் காரணமல்ல என்பது அவருக்குத் தெரியும். இரண்டு வருசத்துக்கு முன் மலேரியாக் காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போனபோது அவளுடைய தங்கை ஹிதாயா பதினோராம் நாள் போய்விட்டாள். புழுவை மீன் கவ்வுகிற அந்த நொடியைப் பார்ப்பதற்காகவே மர்ளியா தினமும் சாடிக்கு முன்னால் குந்திக்கொண்டிருப்பாள்.

"சொல்லுங்க ஐயா... பின்வாங்கல்ல ஐயா... நாளைக்கே எண்ணெயா? இல்ல, இல்ல, ரிசீவர வைக்க வேணாம், கேளுங்க. மீனுக்கு நோய் ஒண்டுமில்ல. வயிறு முட்டிப் போயிட்டு. விடியக் காலையிலயே என்ட பொஞ்சாதி புழு போட்டிட்டா... ஓம், நுளம்புப் புழுதான்... எங்கால எண்டா..."

நுளம்பு வளர்கிற தண்ணீரை வீட்டில் வைத்திருப்பவர்மேல் வழக்குப் போட்டுக் கோட்டுக்கு இழுப்பது இன்ஸ்பெக்டருடைய வேலை. அரசாங்க உத்தியோகத்தர் என்றால் சந்தோசமாக இழுப்பார்.

"...எங்கட கோடிப்புறத்துல ஒரு பானை, ஐயா... ஓம். தபால் கந்தோர் வளவுதான்... ஓம், அரசாங்க வளவுதான்."

மர்ளியா வந்து ரிசீவரை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். அந்தக் கருவியை அவள் தொடுவது அதுதான் முதல் தடவை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஆளைப் பார்த்துப் பேசுவது போல மீன் சாடியைப் பார்த்துப் பேசினாள்.

"ஐயா, நான் மர்ளியா. அவருக்கு ஒண்டும் தெரியா, பானை என்ட... ஓம், மீனுக்கெண்டே வளர்த்தன்... ஒரு சிரட்டை நிறையப் போட்டன். அடுப்புல உலை கொதிக்க முந்தி ஒரு புழுவும் மிச்சமில்ல... எண்ணினதா? எண்ணல்ல ஐயா, நான் கிளாக்கரா?... கோட்டுக்கு வாறன். சாடியத் தூக்கிக்கிட்டுத்தான் வருவன்... ஒண்டு சொல்றன், கோவிக்க வேணாம். என்ட தங்கச்சி காய்ச்சல்ல கெடந்த நேரமும் எங்கட கிணத்துல எண்ணெய் ஊத்தித்தான் இருந்திச்சி. வாளியில அள்ள அள்ள எண்ணெய்தான் வந்திச்சி. நுளம்பு போகல்ல. அவதான் போனா."

பிறகு இன்ஸ்பெக்டர் பேசினார். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில் ஒரு "ஓம்" சொல்லி, ரிசீவரைக் கணவனிடம் நீட்டிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி உள்ளே போய்விட்டாள்.

"ஐயா... ஓம்... ஓம்... அப்ப எண்ணெய் இல்ல?... நாலு தெருவுக்குமா? எழுத்துல தருவீங்களா?... சரி, சரி, நம்புறன்... கிணத்துக்கு ஆறு மீனா? எலுவன்குளத்துல வேணுமான அளவு இரிக்கி. ஞாயிற்றுக்கிழமை போறன்... பானைய இப்பவே கவிழ்க்கச் சொல்றன்."

இஸ்ஸதீன் கதிரையில் சாய்ந்தார். அழைப்பு வந்ததிலிருந்து அவர் உட்கார்ந்தது இப்போதுதான். உடனே மறுபடி நிமிர்ந்தார்.

"என்ன ஐயா?... கேக்கல்ல, கொஞ்சம் சத்தமா... சத்தமாச் சொல்ல ஏலாதா?... ஐயாட வீட்டுலயும் புழுவா?... ஐயாட நோனா குளிக்கிற தொட்டியிலயா?... எவ்வளவு நாளா?... மூணு மாசமா?"

சிரிப்பை அடக்க அவர் முத்திரைப் பெட்டியின் மூடியைக் கடித்துக்கொண்டார்.

"இல்ல ஐயா, சிரிக்கல்ல. இருமல்... பத்து மீன் தாறன். நோனா குளிக்க முந்தி அதுகள வேறாக்கி வைக்கச் சொல்லுங்க. கடிக்காது, ஆனா கூச்சம் வரும்... நான் ஆருக்கும் சொல்ல மாட்டன். என்ட வாயால ஒரு சொல்லும் வெளிய போகாது. இது ஐயாவுக்கும் எனக்கும் இடையில..."

அந்நேரம் கம்பிக்குள் மூன்றாவதாக ஒருவருடைய மூச்சு கேட்டது. அடக்கப் பார்த்து அடங்காமல் மூக்கால் பிய்த்துக்கொண்டு வந்த சிரிப்பு. சிலாபத்துக்கும் முந்தலுக்கும் நடுவில் இணைப்புக் கொடுக்கிறவன் ஜபார். அவன் காதில் விழுந்த கதை அஸர் தொழுகைக்குள் கற்பிட்டி முனை வரைக்கும் போய்விடும்.

"ஜபார்... டேய், நீ எப்ப இருந்து கேட்டுக்கிட்டு இரிக்கா?... ஹலோ... ஐயா?... ஹலோ..."

லைன் அறுந்துவிட்டது.